ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா? – ஹாம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

“ஹாம் மேசைக்கு ஒரு மல்டிமீட்டர், ஒரு டம்மி லோடு, ஒரு ஸ்கோப் இருந்தால் போதும்” என்று போன மாதம் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். (ஹாம் என்றால் அமெச்சூர் ரேடியோக்காரர். டம்மி லோடு, ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சுமை. ஸ்கோப், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்.) மல்டிமீட்டர் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடிதக் கட்டில் முக்கால்வாசி ஸ்கோப்தான்.

கேள்வி: 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு 5 வாட் டிரான்ஸ்சீவர் (அனுப்பவும் வாங்கவும் ஒரே செட்) கட்டிக்கொண்டிருக்கிறேன். 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் போதுமா, 100 வாங்க வேண்டுமா? “7 மெகாஹெர்ட்ஸுக்கு 50 என்றால் ஏழு மடங்குக்கு மேல் ஆயிற்றே, இன்னும் என்ன?” என்கிறான் என் நண்பன்.

பதில்: 7-க்கு உங்கள் நண்பர் சொல்வது சரிதான். ஆனால் 40 மீட்டரோடு நின்றுவிட்ட ஹாம் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இன்று 7, நாளை 14, அப்புறம் 28 என்று ஏறிக்கொண்டே போவீர்கள்.

பெட்டியின் நெற்றியில் 50 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், அதுவரை ஒழுங்காகக் காட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 50-ல் நிஜமாக 100 மில்லிவோல்ட் வந்தால் 70.7 மில்லிவோல்ட் என்று காட்டும், அவ்வளவுதான். அந்தச் சரிவும் 50-ல் திடீரென்று தொடங்குவதில்லை. வெகு முன்னாலேயே மெல்ல இறங்க ஆரம்பித்துவிடும். சாதாரணமான சரிவு உள்ள 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப், 28 மெகாஹெர்ட்ஸில் உண்மையான வோல்டேஜில் 87 சதவீதத்தைத்தான் காட்டும். பவர் என்பது வோல்டேஜின் வர்க்கம் ஆயிற்றே. ஆக 5 வாட் 3.8 வாட்டாகத் தெரியும். நீங்கள் ஒரு பாவமும் அறியாத ஐஆர்எஃப் 510 பவர் டிரான்சிஸ்டரைக் கழற்றிப்போட்டு வேறொன்றைப் பற்றவைப்பீர்கள். அதுவும் 3.8 காட்டும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் இதே 5 வாட் ஏறத்தாழ 4.6 ஆகத் தெரியும். அதோடு காலம் தள்ளலாம்.

இன்னொன்று, அலையின் வடிவம். இப்போது எல்லோரும் எஸ்ஐ5351 சிப்பைத்தான் விஎஃப்ஓவாக, அதாவது அலைவரிசையை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆசிலேட்டராக, போடுகிறார்கள். அதிலிருந்து வருவது சதுர அலை. 7 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் 21, 35 என்று அதன் ஹார்மோனிக்குகளும் (மடங்கு அலைவரிசைகள்) 50-க்குள் அடங்கிவிடுவதால் ஓரளவு சதுரமாகவே பார்க்கலாம். அதே சிப்பை 28-க்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது ஹார்மோனிக் 84-ல் உட்கார்ந்திருக்கிறது, ஸ்கோப்புக்குள் பெரும்பாலும் வராது. திரையில் அழகான சைன் அலை. “ஆகா, ஃபில்டரே வேண்டாம் போலிருக்கிறதே” என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே 100 வாங்குங்கள். இரண்டு சானல் போதும், நான்கு இருந்தால் சௌகரியம். ஒரு விஷயத்தை மட்டும் விவரத்தாளில் தேடிப் படியுங்கள்: சானல்கள் கூடக் கூட சாம்பிள் வேகம் (அலையை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) எவ்வளவு குறைகிறது என்று. ரைகோலின் டி.எஸ். 1054 இசட் ஒரு சானலில் விநாடிக்கு 100 கோடி சாம்பிள் எடுக்கும். நான்கையும் போட்டால் சானலுக்கு 25 கோடிதான். அது குறையல்ல, பங்கீடு. தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

கேள்வி: “×10 புரோபின் இன்புட் 10 மெகாஓம், சர்க்யூட்டுக்குத் தெரியவே தெரியாது” என்று போன மாதம் எழுதினீர்கள். என் 7 மெகாஹெர்ட்ஸ் விஎஃப்ஓவின் காயிலில் புரோபை வைத்ததும் அலைவரிசை எங்கோ ஓடிவிடுகிறது. ×1-க்குத் தள்ளினால் ஆசிலேட்டரே நின்றுவிடுகிறது. யாரை நம்புவது, உங்களையா, என் விஎஃப்ஓவையா?

பதில்: விஎஃப்ஓவை நம்புங்கள். அந்த வாக்கியம் என் தவறு. டி.சி.க்கும் ஆடியோவுக்கும் அது பொருந்தும், ஆர்.எஃப்.க்கு, அதாவது ரேடியோ அலைவரிசைகளுக்கு, பொருந்தாது.

புரோப் என்பது சர்க்யூட்டைத் தொட்டு சிக்னலை ஸ்கோப்புக்குக் கொண்டுவரும் கம்பி. ×10-ல் சிக்னல் பத்தில் ஒன்றாகி வரும், ×1-ல் அப்படியே வரும். அதன் முனையில் 10 மெகாஓம் மட்டுமில்லை, அதோடு கூடவே ஒரு 12 பிகோஃபாரட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அந்தக் குட்டிக் கெபாசிட்டரின் எதிர்ப்பு 1,900 ஓம்தான். மெகாஓம் எங்கே, இது எங்கே! ×1-ல் கேபிளின் கெபாசிட்டன்ஸ் முழுவதும், அதாவது 100 பிகோஃபாரட் அளவு, உங்கள் காயிலின் தலையில் ஏறி உட்காருகிறது. எதிர்ப்பு 230 ஓமுக்கு இறங்கிவிடும். ஆசிலேட்டர் மூச்சுத் திணறி நின்றதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, பெரும்பாலான ×1 புரோப்களின் பேண்ட்விட்த் 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வாங்கி அதை ×1-ல் பயன்படுத்துவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

உங்கள் காயிலோடு மொத்தம் 500 பிகோஃபாரட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 கூடினால் 7 மெகாஹெர்ட்ஸ் சுமார் 80 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். 100 கூடினால், ஓடிக்கொண்டிருந்தால், 6.4-க்குப் போய்விடும். இதே கூத்தில் நான் இரண்டு ராத்திரி தொலைத்திருக்கிறேன். காயிலை மூன்று முறை பிரித்துச் சுற்றினேன், டிரிம்மரை மாற்றினேன், பற்றவைப்பைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் காலையில் புரோபின் கைப்பிடியில் இருந்த சின்னஞ்சிறு சுவிட்ச் ×1-ல் கிடப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தச் சுவிட்சின் மேல் ×10 பக்கமாக ஒரு சொட்டு நகப்பூச்சு காய்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: காயிலைத் தொடாதீர்கள். பஃபருக்கு (ஆசிலேட்டரைச் சுமையிலிருந்து பிரித்துவைக்கும் கட்டம்) பின்னால் அளந்து பாருங்கள். பஃபர் இன்னும் கட்டவில்லை என்றால் புரோப் முனைக்கும் காயிலுக்கும் நடுவே 1 பிகோஃபாரட் கெபாசிட்டரைத் தொடரில் வையுங்கள். அலை சின்னதாகத் தெரியும், அளவும் சரியாக இருக்காது, ஆனால் ஆசிலேட்டர் ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு ரிசீவரில் அந்த விஎஃப்ஓவைக் கேட்டுக்கொண்டே புரோபை வைத்துப் பாருங்கள். சுருதி எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு தொந்தரவு செய்கிறீர்கள் என்று கணக்கு.

இதோடு கிரவுண்ட் கம்பியையும் சொல்லிவிடுகிறேன். முதலைவாய்க் கிளிப்போடு தொங்கும் அந்த 15 சென்டிமீட்டர் கம்பி, சுமார் 150 நானோஹென்ரி காயில். புரோபின் 12 பிகோஃபாரட்டோடு சேர்ந்து 120 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். சதுர அலையின் மூலையில் சுருள் சுருளாக அதிர்வு தெரிந்தால், அது உங்கள் சர்க்யூட்டில் இல்லாமல் அந்தக் கம்பியில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. புரோப் பெட்டியில் ஒரு சிறு ஸ்பிரிங் கிடக்குமே, எதற்கென்று தெரியாமல் எல்லோரும் தூக்கிப்போடுவது? கம்பிக்குப் பதில் அதை முனையருகே மாட்டுங்கள்.

கேள்வி: டிஎஸ்ஓ138 என்ற கிட் கைக்கு வந்திருக்கிறது. அதில் என் 7 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பார்க்கலாமா?

பதில்: முடியாது. அதன் எல்லை 200 கிலோஹெர்ட்ஸ். மைக் ஆம்ப்ளிஃபயர், சைடுடோன், பவர் சப்ளை ரிப்பிள் பார்க்க நல்ல பொருள். பற்றவைக்கப் பழகவும் நல்லது.

கேள்வி: டிரான்ஸ்மிட்டரின் பவரை ஸ்கோப்பில் அளக்க முடியுமா? 100 வாட் செட்டை நேரடியாக மாட்டலாமா?

பதில்: முடியும். 50 ஓம் டம்மி லோடின் குறுக்கே உச்சியிலிருந்து அடிவரை உள்ள வோல்டேஜை எடுங்கள். அதை வர்க்கமாக்கி 400-ஆல் வகுத்தால் வாட். 45 வோல்ட் என்றால் 5 வாட். 200 வோல்ட் என்றால் 100 வாட். வோல்டேஜில் 5 சதவீதம் பிசகினால் பவரில் 10 சதவீதம் பிசகும் என்பதை மறக்க வேண்டாம்.

5 வாட்டுக்கு ×10 புரோப் போதும். 100 வாட்டுக்கு வேண்டாம். புரோபின் மேல் 600 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது டி.சி.க்கு, அலைவரிசை ஏற ஏற அந்த எண் சரசரவென்று இறங்கும். விவரத்தாளில் அதற்கென்று ஒரு வளைகோடே இருக்கும். அதற்குப் பதில் ஒரு சாம்பிளர் செய்துகொள்ளுங்கள்: லைனிலிருந்து 2,450 ஓம், அதன் பின்னால் 50 ஓம் முடிவு. வோல்டேஜ் ஐம்பதில் ஒன்றாகிவிடும். 100 வாட்டில் ஸ்கோப்புக்கு 4 வோல்ட்தான் வரும். அந்த ரெசிஸ்டர் வரிசை 2 வாட் தின்னும், அதற்கேற்ற, கம்பி சுற்றாத ரெசிஸ்டர்களைத் தொடரில் போடுங்கள்.

சில ஸ்கோப்களில் இன்புட்டையே 50 ஓமாக மாற்றும் வசதி உண்டு. வழக்கமாக 5 வோல்ட் ஆர்.எம்.எஸ். வரைதான் தாங்கும், அதாவது அரை வாட். நான் ஒருமுறை 5 வாட் செட்டை அதில் நேராகச் செருகி, கீயை அழுத்தினேன். சத்தம் எதுவும் வரவில்லை. வாசனை வந்தது. அந்தச் சானல் அன்றோடு சரி.

கேள்வி: எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு) சிக்னல் தெளிவில்லை என்று எதிர்முனையில் சொல்கிறார்கள். ஸ்கோப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் அலை நிற்காமல் ஓடுகிறது.

பதில்: மைக்கில் பேசிப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 700 ஹெர்ட்ஸ், 1,900 ஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே அளவில் கலந்து மைக்குக்குக் கொடுங்கள். வெளியே வருவது முத்துக்கோத்த மாதிரி இருக்க வேண்டும்: உருண்டையான உச்சிகள், நடுவே கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில் கூர்மையான எக்ஸ். உச்சி தட்டையாக இருந்தால் டிரைவ் அதிகம் அல்லது சப்ளை வோல்டேஜ் இறங்குகிறது. வெட்டும் இடம் மழுங்கியிருந்தால் பவர் டிரான்சிஸ்டரின் பயாஸ் கரண்ட் (சிக்னல் இல்லாதபோதும் ஓடுவது) குறைவு. ஹாமுக்கு ஸ்கோப் தருகிற மிகப் பெரிய உதவி இது என்று நான் சொல்வேன்.

ஓடுவதை நிறுத்த: டிரிகரை (அலையை எந்தக் கணத்தில் வரையத் தொடங்குவது என்று முடிவு செய்வது) ஆட்டோவிலிருந்து நார்மலுக்கு மாற்றி, மட்டத்தை உச்சிக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஒவ்வொரு முத்தும் 0.83 மில்லிசெகண்ட் நீளம். ஹோல்டாஃபை (அடுத்த டிரிகருக்கு முன் காத்திருக்கும் நேரம்) அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்தால் நின்றுவிடும். பொறுமை இல்லையென்றால் சிங்கிள் பொத்தான்.

ஒரு எச்சரிக்கை. திரை முழுதும் 20 மில்லிசெகண்ட் வைத்து, மெமரி 10,000 புள்ளிதான் என்றால், விநாடிக்கு 5 லட்சம் சாம்பிள்தான் எடுக்கிறது, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும். அப்போது 7.001 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 1 கிலோஹெர்ட்ஸ் அலையாக வேஷம் போடும். சரியாக 7.000 என்றால் நேர்க்கோடு! சிக்னலே இல்லை என்று நினைப்பீர்கள். பீக் டிடெக்ட் (இடையில் வந்த உச்சியையும் அடியையும் பிடித்துவைக்கும் முறை) போட்டுவிட்டால் இந்த மாயம் கலையும். மெமரி நிறைய உள்ள ஸ்கோப்பைத் தேடச் சொல்வதும் இதற்காகத்தான்.

கேள்வி: எஃப்.எஃப்.டி. வசதி (சிக்னலை அலைவரிசைவாரியாகப் பிரித்துக் காட்டுவது) இருக்கிறதே, ஹார்மோனிக் அளவை அதிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: மோசமான தவறுகளைக் காட்டிக்கொடுக்கும். சான்றிதழ் தராது. அமெரிக்க விதியை எடுத்துக்கொண்டால், 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான டிரான்ஸ்மிட்டரின் ஹார்மோனிக் முதன்மை அலையைவிட 43 டெசிபெலாவது கீழே இருக்க வேண்டும், அதாவது வோல்டேஜில் 141-ல் ஒரு பங்கு. 8 பிட் ஸ்கோப்புக்கு மொத்தமே 256 படிகள்தான். திரை நிறைய சிக்னல் இருக்கும்போதுகூட அந்த ஹார்மோனிக் இரண்டு படிக்கும் குறைவு. ஸ்கோப்பின் சொந்த இரைச்சலும் கோணலும் அங்கேயேதான் இருக்கின்றன. 12 பிட் ஸ்கோப் தேவலை. சரியான கருவி ஸ்பெக்ட்ரம் அனலைசர், டைனி எஸ்.ஏ. போன்ற சின்னதுகூட இந்த வேலைக்குப் பெரிய ஸ்கோப்பைவிட மேல்.

கேள்வி: பழைய பிக்சர் டியூப் ஸ்கோப் ஒன்றை மாமா தருகிறேன் என்கிறார். 20 மெகாஹெர்ட்ஸ். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: சும்மா வருவதென்றால் மறு பேச்சே வேண்டாம். மேலே சொன்ன மாய அலை அதில் வராது. முத்துக்கோவை அதில் தெரிகிற மாதிரி டிஜிட்டலில் தெரிவதில்லை என்பது என் கட்சி. ஒரு சானலை இன்னொன்றுக்கு எதிராக வரையும் எக்ஸ்-ஒய் முறையில் ஏ.எம். மாடுலேஷனின் சரிவகம் பார்க்கவும் அதுதான் அழகு. பவர் அளக்க மட்டும் நம்ப வேண்டாம், மேலே சொன்ன சரிவு 20 மெகாஹெர்ட்ஸுக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடும். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் தங்கும், மூடியைத் திறக்காதீர்கள். அந்தக் குழாயை 1897-ல் செய்துகாட்டியவர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். 1909-ல் மார்க்கோனியோடு அவர் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசோ கம்பியில்லாத் தந்திக்கு. நம்ம ஆள்தான்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) ஒன்றைப் பழுதுபார்க்க, ஸ்கோப்பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. கிரவுண்ட் கிளிப்பும் ஸ்கோப்பின் உடம்பும் எர்த்தும் ஒன்று. பின்னை வெட்டிவிட்டு அந்தக் கிளிப்பை மின்சாரம் உள்ள இடத்தில் மாட்டினால் ஸ்கோப்பின் உடம்பு முழுதும் ஷாக் அடிக்கும். பழுதுபார்க்கிற பொருளுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் போடுங்கள், ஸ்கோப்புக்கு அல்ல. அல்லது இரண்டு புரோப்களை வைத்து, கிரவுண்ட் கிளிப் எதையும் மாட்டாமல், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். அதற்கும் புரோப் தாங்கும் வோல்டேஜைச் சரிபார்த்த பிறகே.

கேள்வி: புரோபோடு வருகிற வண்ண வளையங்கள் எதற்கு?

பதில்: ஒரே நிறத்தில் இரண்டிரண்டு இருக்கும். ஒன்றைக் கைப்பிடியில், மற்றதை ஸ்கோப்பில் செருகும் முனையில் மாட்டுங்கள், சானலின் நிறத்துக்குப் பொருத்தமாக. நான்கு கேபிள் பின்னிக்கிடக்கும்போது எது எது என்று இழுத்துப் பார்க்க வேண்டாம். மாட்டிய கையோடு, ×10-ல் வைத்து, ஸ்கோப்பின் முகப்பில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் ஒவ்வொரு புரோபின் டிரிம்மரையும் திருகி மூலையைச் சரிசெய்துவிடுங்கள். நீல வளையப் புரோப் அந்தச் சானலுக்கென்றே சரிசெய்தது. மஞ்சளில் செருகினால் மறுபடி திருக வேண்டியிருக்கும்.