அப்பாவின் சர்க்கரையும் நுரையீரல் தழும்பும்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். வறட்டு இருமலும், மாடி ஏறினால் மூச்சிரைப்பும் விடாததால் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ‘ஐ.பி.எஃப்., நுரையீரலில் தழும்பு விழுகிறது’ என்றார்கள். நின்டெடனிப் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. ஒரே வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரையால்தான் நுரையீரல் கெட்டதா? உறவினர் ஒருவர் இருமலுக்கு ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொல்கிறார். போடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: காரணத்தை அப்புறம் பேசுவோம். முதலில் கிளிமிபிரைடைக் கவனியுங்கள். அப்பா சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அரை இட்லியோடு எழுந்துவிடுகிற நாளில் அதே அளவு மாத்திரை போட்டால் சர்க்கரை சரேலென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் வரும். ‘நுரையீரல் நோயால் வந்த அசதி’ என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அசந்து உட்கார்ந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மாத்திரை அளவைக் குறைப்பது பற்றி இன்றைக்கே சர்க்கரை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு நின்டெடனிப்பால் வரும், மெட்ஃபார்மினாலும் வரும். உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினைச் சில நாள் நிறுத்த வேண்டியிருக்கலாம். நின்டெடனிப்பை நீங்களாக விட்டுவிடாதீர்கள். தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கிற மருந்து அது. 150 மில்லிகிராம் ஒத்துக்கொள்ளாவிட்டால் 100 ஆகக் குறைப்பது வழக்கம்தான். சாப்பாட்டோடு கொடுங்கள், கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டீராய்டு வேண்டாம். ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கு ஸ்டீராய்டுடன் வேறு இரண்டு மருந்துகளும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. அந்தக் கூட்டு மருந்து எடுத்தவர்களிடம் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதிகமாக இருந்தன. உங்கள் அப்பாவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல் சர்க்கரையை ஏற்றும். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் அளவு சரியாகவே இருப்பதுபோல் தெரியும்.

ஆனால் ஒன்று. 2017-இல் வெளியான இந்திய நோயாளிகள் பதிவேட்டில், ஐ.பி.எஃப். போன்ற நுரையீரல் நோய்கள் இருந்த 1,084 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருந்தது ஐ.பி.எஃப். அல்ல, புறா எச்சம், பூஞ்சை, ஏர் கூலர் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை வகை. அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. வீட்டில் புறா அடைகிறதா, கூலர் ஓடுகிறதா என்பதை நெஞ்சக மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, சர்க்கரைதான் காரணமா? ஐ.பி.எஃப். உள்ளவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நீண்டகாலம் உயர்ந்திருக்கும் சர்க்கரை, திசுக்களில் உள்ள கொலாஜன் புரதத்தோடு ஒட்டி அதை விறைப்பாக்கும் என்பதும் தெரியும். ஆனால் இரண்டுமே வயதானவர்களுக்கு வருபவை. ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்று நிரூபணமாகவில்லை. ‘அன்றே வாயைக் கட்டியிருந்தால்’ என்று அப்பாவை யாரும் குத்திக்காட்ட வேண்டாம். மெட்ஃபார்மின் எலிகளின் நுரையீரல் தழும்பைக் குறைத்ததாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதர்களிடம் அது உறுதியாகாததால், வயிறு கெட்டாலும் பரவாயில்லை என்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

என்னிடம் வருகிறவர்கள் பலர் சர்க்கரைக்கு ஒரு ஃபைல், நுரையீரலுக்கு ஒரு ஃபைல் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மருத்துவர் எழுதியதை இன்னொருவர் பார்த்ததே இல்லை. அடுத்த முறை இரண்டையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் அப்போதே கேட்டுப் போட்டுவிடுங்கள்.