கணினிக் கேள்வி பதில்: புதுப்பிப்புக்குப் பிறகு திறக்க மறுக்கும் கணினி

கேள்வி: ஐயா, என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இயங்குகிறது. சென்ற புதன்கிழமை காலையில் ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’ என்று கேட்டது. சரியென்று அழுத்திவிட்டுச் சந்தைக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் சின்னத்துக்குக் கீழே வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. வெகுநேரம் காத்திருந்துவிட்டு அணைத்துப் போட்டேன். அன்று முதல் சில வேளைகளில் வெறும் கறுப்புத் திரை வருகிறது. சில வேளைகளில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும் நீலத் திரை வருகிறது. கடையில் காட்டினேன். ‘ஃபார்மெட்’ செய்தால்தான் சரியாகும் என்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈசூன்

பதில்: ஃபார்மெட் செய்ய வேண்டாம். கணினியைக் கடையில் விட்டு வந்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் எதுவும் படங்கள் அழிந்துவிட்டதாகக் காட்டவில்லை. புதுப்பிப்பு கைவைப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகளில்தான். உங்கள் படங்களும் ஆவணங்களும் இருக்கும் பகுதியை அது பொதுவாகத் தொடுவதில்லை. ஃபார்மெட்தான் அவற்றை உண்மையில் அழிக்கும் வேலை. கடைக்காரருக்கு அது எளிது என்பதற்காக நமக்கும் அதுவே தீர்வாகிவிடாது.

நீலத் திரையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான். அண்மை ஆண்டுகளில் வந்த பெரும்பாலான மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு உள்நுழைந்தவுடன், உள்ளிருக்கும் தகவல்கள் அனைத்தும் ‘பிட்லாக்கர்’ என்ற முறையில் தாமாகவே பூட்டப்படுகின்றன. அந்தப் பூட்டின் திறவுகோல் கணினிக்குள் இருக்கும் ‘டிபிஎம்’ என்னும் சிறு சில்லில் இருக்கிறது. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும், தொடக்க வேலைகளைச் செய்யும் மென்பொருள்கள் முன்பிருந்தபடியே இருக்கின்றனவா என்று சரிபார்க்கப்படுகிறது. அப்படியே இருந்தால் மட்டுமே அந்தச் சில்லு திறவுகோலை வெளியே கொடுக்கும். புதுப்பிப்பு அந்தத் தொடக்க மென்பொருளில் எதையாவது மாற்றிவிட்டால், அல்லது பாதி வேலையில் நின்றுபோனால், யாரோ கணினியைக் குலைத்திருக்கிறார்கள் என்று ஐயப்பட்டு, உரிமையாளரிடம் மட்டுமே இருக்கக்கூடிய 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. திருடன் கையில் கணினி சிக்கினால் நமக்கு உதவும் அதே ஏற்பாடுதான் இப்போது உங்களையே வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

அந்த எண்ணை எடுப்பதற்குக் கணினி தேவையில்லை, கைப்பேசி போதும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப்பக்கத்தில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் உங்கள் கணினியின் பெயரைத் தொட்டால், பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் காட்டும் இணைப்பு இருக்கும். ஒரே கணக்கில் பழைய கணினிகளின் எண்களும் வரிசையாக நிற்கக்கூடும். அதனால் நீலத் திரையில் தெரியும் ‘கீ ஐடி’யின் முதல் எட்டு எழுத்துகளைத் தாளில் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் அதே எட்டு எழுத்துகளுக்கு நேராக இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளில் இருக்கும்; அவசரப்படாமல் தொகுதி தொகுதியாக அடியுங்கள்.

உங்கள் கணக்கில் அந்த எண் இல்லையென்றால் கலங்க வேண்டாம். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: கணினி வாங்கிய அன்று மகனோ மருமகளோ வந்து தம்முடைய கணக்கைப் போட்டுத் தொடங்கி வைத்திருப்பார்கள், எண்ணும் அவர்களுடைய கணக்கில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த எண் எங்கேயும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் அதை உருவாக்கித் தர முடியாது. எந்தக் கடையாலும் அந்தப் பூட்டை உடைக்க முடியாது.

எண்ணை அடித்தவுடன் விண்டோஸ் வழக்கம்போல் திறந்துவிட்டால் வேறெதையும் செய்வதற்கு முன் படங்களை வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். மீண்டும் கறுப்புத் திரைதான் வருகிறது என்றால், மீட்புத் திரைக்குப் போக வேண்டும். மின்கம்பியைச் செருகிய நிலையில், அச்சு இயந்திரம், யூஎஸ்பி போன்ற வெளிச்சாதனங்களை எல்லாம் கழற்றிவிடுங்கள். கணினியைத் தொடங்கி, சின்னம் தெரியும்போது பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடர்ந்து தொடக்கம் தடைபட்டால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். ‘புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம், அணைக்க வேண்டாம்’ என்ற வாசகமும் விழுக்காடும் திரையில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். அந்த நிலையில் இரண்டு மணி நேரமானாலும் காத்திருப்பதே நல்லது.

மீட்புத் திரையில் ‘டிரபிள்ஷூட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும். மாதந்தோறும் வரும் சிறிய புதுப்பிப்பு ‘குவாலிட்டி அப்டேட்’. ஆண்டுக்கொரு முறை பதிப்பையே மாற்றும் பெரிய புதுப்பிப்பு ‘ஃபீச்சர் அப்டேட்’. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் மைக்ரோசாஃப்ட் அதை அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் வெளியிடும்போது நமக்குச் சிங்கப்பூரில் புதன்கிழமை விடிவதற்கு முந்தைய நேரம். ஆகவே ‘குவாலிட்டி அப்டேட்’டை நீக்குங்கள். பெரிய புதுப்பிப்புதான் காரணமென்றால் அதையும் இங்கேயே திருப்பலாம், ஆனால் பழைய பதிப்பின் கோப்புகள் பொதுவாகப் பத்து நாள்கள்தான் வைத்திருக்கப்படும். யோசித்துக்கொண்டே மாதம் கடத்துபவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

அதுவும் பலிக்கவில்லையென்றால், அதே பகுதியில் ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாக மறுதொடக்கம் செய்து, பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்தி, இன்றியமையாதவற்றை மட்டும் கொண்டு விண்டோஸைத் தொடங்கும் ‘சேஃப் மோட்’டில் நுழைந்து பாருங்கள். கணினி அங்கே திறக்கிறது என்றால், விண்டோஸ் நலமாக இருக்கிறது, அதனுடன் சேர்ந்து தொடங்கும் ஏதோவொரு டிரைவரோ (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) வைரஸ் தடுப்பு மென்பொருளோதான் கெடுக்கிறது என்று பொருள். கறுப்புத் திரைக்கு அடிக்கடி காரணமாக இருப்பது காட்சித் திரைக்கான டிரைவர். ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் அதைத் தேர்ந்து ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்தால் முந்தைய டிரைவர் திரும்பிவிடும்.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பிழை காட்டும் நீலத் திரையோடு நின்றதும், சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அதற்குக் காரணம் விண்டோஸ் புதுப்பிப்பு அல்ல. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான ஒரே ஒரு கோப்பு. சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்கியவுடன் கணினிகள் எழுந்துவிட்டன. பல அலுவலகங்களில் வேலை இழுத்ததற்கு முக்கியக் காரணம், ஒவ்வொரு கணினிக்கும் உரிய பிட்லாக்கர் எண்ணைத் தேடி எடுக்க வேண்டியிருந்ததுதான். ஃபார்மெட் செய்தால்தான் ஆகும் என்று சொல்லும் கடைக்காரரிடம், சேஃப் மோடில் திறந்து பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலிலிருந்தே அவருடைய திறமை தெரிந்துவிடும்.

கணினியின் தொடக்கத்தைச் சரிசெய்யும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பூட்ரெக்’ கட்டளைகளை அடிக்க வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை பழைய முறையில் தொடங்கிய கணினிகளுக்கானவை. இன்றைய கணினிகளில் அவற்றால் பயன் இல்லை. கணினி திறந்த பிறகு, ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரெகவரி’ என்று போய், விண்டோஸ் அப்டேட் வழியாகக் கோளாறுகளைச் சரிசெய்யும் தேர்வு இருந்தால் அதைக் கொடுங்கள். அது உங்கள் கோப்புகளையும் செயலிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவும். எதற்கும் அசையாத கணினிக்குத்தான் ‘ரீசெட் திஸ் பிசி’. அதிலும் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். செயலிகள் போய்விடும், படங்கள் இருக்கும்.

கேள்வி: புதுப்பிப்பு கெட்டுப்போய் மீட்புத் திரை வரை வந்துவிட்டேன். ஆனால் அங்கே விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யவில்லை. இரண்டும் உடைந்துவிட்டனவா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உடைந்திருக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 11க்கு வந்த மாதாந்திரப் புதுப்பிப்பே இப்படியொரு கோளாற்றை உண்டாக்கியது: விண்டோஸுக்குள் இயல்பாக இயங்கிய யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் மீட்புத் திரையில் மட்டும் செயலிழந்தன. காப்பாற்ற வேண்டிய இடத்திலேயே கையைக் கட்டிப்போட்டதை என்னவென்று சொல்வது! மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20 அன்று தனியாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. உங்கள் கணினி அந்தப் புதுப்பிப்போடு நின்றுபோயிருந்தால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ கொண்டு, குறைந்தது 8 ஜிபி கொண்ட வெற்று யூஎஸ்பி ஒன்றில் விண்டோஸ் நிறுவல் கோப்புகளை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். நிறுவும் பொத்தானை அழுத்தாமல், பழுதுபார்க்கும் தேர்வுக்குப் போனால் அதே மீட்புத் திரை வரும். விசைகளும் வேலை செய்யும். யூஎஸ்பியில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதால் வெற்று யூஎஸ்பியையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளின் பள்ளி மடிக்கணினி புதுப்பிப்புக்குப் பின் திறக்கவில்லை. மேலே சொல்லும் வழிகளை அதிலும் செய்யலாமா?
— தாயார், உட்லண்ட்ஸ்

பதில்: செய்ய வேண்டாம், அம்மா. பள்ளி வழியாக வாங்கும் கற்றல் சாதனங்களில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கும். வீட்டில் ரீசெட் செய்தால் அந்த அமைப்புகள் குலைந்து, பிறகு பள்ளிதான் அதைச் சீராக்க வேண்டியிருக்கும். கணினியை அணைத்து, என்ன வாசகம் திரையில் வந்தது என்று கைப்பேசியில் படமெடுத்து, மகளிடம் கொடுத்துப் பள்ளியின் தொழில்நுட்ப உதவி மேசைக்கு அனுப்புங்கள். இணையத்தில் சேமித்த பாடவேலைகளை வேறு கணினியிலும் தன் கணக்கில் நுழைந்து தொடரலாம் என்பதால், நாளைய ஒப்படைப்புக்காக இன்றிரவே எதையும் நோண்ட வேண்டியதில்லை.

கேள்வி: புதுப்பிப்புக்குப் பின் கணினியை இயக்கியதும் திரை முழுவதும் சிவப்பாகி, ‘உங்கள் விண்டோஸ் முடங்கிவிட்டது, உடனே மைக்ரோசாஃப்ட்டை அழையுங்கள்’ என்று ஒரு தொலைபேசி எண் வந்தது. அழைக்கலாமா?
— வாசகர், பிடோக்

பதில்: அழைக்கவே கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. நீங்கள் பார்த்தது உலாவியில் திறந்துகொண்ட ஏமாற்றுப் பக்கம். திறக்காத கணினியில் அப்படியொரு பக்கம் வரவே முடியாது என்பதே அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை நீங்கும். நீங்காவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்து, உலாவி பழைய பக்கத்தை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை நிறுவியிருந்தால் உடனே வைஃபையைத் துண்டித்துவிட்டு, வேறு கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். ஐயம் இருந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்குப் புதுப்பிப்பை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன? என்னிடம் இருப்பது விண்டோஸ் 10.
— வாசகர், சுவா சூ காங்

பதில்: உங்களுக்காக மைக்ரோசாஃப்ட்டே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை. அந்தக் கணினியில் வங்கி வேலைகளும், அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் உள்நுழைவும் நடக்கின்றன என்றால், திருத்தமில்லாமல் ஓட்டுவது புதுப்பிப்பின் தொல்லையைவிடப் பெரிய ஆபத்து. விண்டோஸ் 11க்கு மாற ‘டிபிஎம் 2.0’ தேவை, அது உங்கள் கணினியில் உண்டா என்பதை மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலி சொல்லும். மாறிய பிறகு, ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் புதுப்பிப்பை ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. நான் ஒரு வாரம் மட்டும் தள்ளிவைப்பேன். கோளாறான புதுப்பிப்பு என்றால் அதற்குள் செய்தி வெளியே வந்துவிடும். மாறுவதற்கு முன், பிட்லாக்கர் எண் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்து, தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.