பூவிதழின் சிவப்பு எங்கே குடியிருக்கிறது?

கேள்வி: செம்பருத்தி இதழைக் கசக்கினால் விரலெல்லாம் நிறம் ஏறிவிடுகிறது. அப்படியானால் இதழ் முழுவதும் அந்தச் சாயம் ஊறிக் கிடக்கிறதா? இலைகளில் தெரியும் ஊதாவும் இதே பொருள்தானா?

பதில்: ஊறிக் கிடப்பதுபோல் தோன்றினாலும், பெரும்பாலான பூக்களில் நிறம் தங்கியிருப்பது இதழின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் ஒரே ஒரு செல் பருமனில் அமைந்துள்ள புறத்தோலில்தான். இரண்டுக்கும் நடுவிலுள்ள திசு அநேகமாக நிறமற்றது. அதன் செல்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால், உள்ளே புகும் ஒளியை அது சிதறடித்துப் புறத்தோல் வழியாகவே வெளியே திருப்பி அனுப்புகிறது. போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் ஒளி நிறமியைக் கடந்து வருவதால், அத்தனை மெல்லிய அடுக்கும் நம் கண்ணுக்கு ஆழ்ந்த நிறமாகத் தெரிகிறது. ரோஜா இதழின் மேற்புறத்தில் இந்தச் செல்கள் சிறு கூம்புகளாகப் புடைத்து நிற்கின்றன. வெல்வெட் போன்ற அதன் மென்மினுக்கத்துக்கு அவையே காரணம்.

செல்லுக்குள்ளும் நிறம் எல்லா இடத்திலும் பரவியிருப்பதில்லை. செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமிகள் சைட்டோபிளாசத்தில் உருவாகி, செல்லின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும் வாக்குவோலுக்குள் சென்று, அங்குள்ள நீரில் கரைந்த நிலையில் சேர்கின்றன. நீங்கள் இதழைக் கசக்கும்போது உடைவது இந்தச் சிறு நீர்ப்பைகள்தான். தக்காளிப் பழத்தின் சிவப்பு இப்படிப்பட்டதன்று. அது கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்தது, வண்ணக்கணிகங்கள் எனப்படும், செல்லுக்குள் நிறமியைத் தாங்கும் நுண்ணுறுப்புகளுக்குள் இருப்பது, நீரில் கரையாதது.

இதைக் கண்ணாலேயே காண்பதற்கு, தாவரவியல் ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் ரியோ என்னும் அழகுச் செடியின் இலையைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அதன் அடிப்புறம் ஊதா, மேற்புறம் பச்சை. அடிப்புறத் தோலை மெல்லியதாக உரித்து நுண்ணோக்கியில் வைத்தால், ஊதா நீர் நிரம்பிய செல்கள் தளக்கற்கள்போல் நெருங்கிக் கிடப்பதையும், அவற்றின் நடுவே இலைத்துளைகளின் காப்புச் செல்கள் பசுமையாக இருப்பதையும் பார்க்கலாம். அதன்மீது அடர்ந்த உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டால், சிறிது நேரத்தில் ஊதா நிறம் செல்சுவரை விட்டு விலகி உள்நோக்கிச் சுருங்கும். நிறம் சுவரில் இல்லை, வாக்குவோலுக்குள்தான் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே ரியோ இலையின் ஊதாவும் ஆந்தோசயனின்தான். ஆனால் இலைகளில் அதன் இருப்பிடம் இனத்துக்கு இனம் மாறுகிறது. ரியோவில் அது கீழ்ப்புறத்தோலில் இருக்க, வேறு பல தாவரங்களின் செந்தளிர்களில் இலையிடைத்திசுவின் செல்களில் சேர்கிறது. சிவப்பு வெங்காயத்தின் செதில்களில் மறுபடியும் புறத்தோலில்தான்; உட்பகுதி வெளுப்பாகவே இருக்கும்.

அமிலத்தன்மை மாறினால் இந்த நிறமியின் சாயலும் மாறும். ‘ஹெவன்லி புளூ’ என்னும் காலைமலர் வகையில், மொட்டாக இருக்கும்போது இதழின் புறத்தோல் வாக்குவோலில் சுமார் 6.6 ஆக உள்ள பிஎச் அளவு, பூ விரியும்போது 7.7 வரை உயர்கிறது; அதாவது அமிலத்தன்மை குறைகிறது. செவ்வூதாவாக இருந்த இதழ் வான்நீலமாகிவிடுகிறது. புதிதாக ஒரு நிறமி வந்து சேராமல், இருந்த நிறமியே இப்படி உருமாறுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கேள்வி: காகிதப்பூவின் ஊதாச் சிவப்பும் ஆந்தோசயனின்தானா?

பதில்: இல்லை. முதலில், காகிதப்பூவில் நாம் இதழ் என்று எண்ணுபவை இதழ்களே அல்ல. அவை பூவடிச் செதில்கள். உண்மையான பூ, அச்செதில்களின் நடுவே வெளிர்நிறக் குழல்போல் நிற்கும் சிறு உறுப்பு. செதில்களுக்கு நிறம் தருவது பீட்டாலைன் என்னும் வேறொரு நிறமி. அதுவும் நீரில் கரைவது, வாக்குவோலில் தங்குவது என்பதால் பலரும் ஆந்தோசயனினோடு அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் பீட்டாலைனின் மூலக்கூறில் நைட்ரஜன் உண்டு, ஆந்தோசயனினின் அடிப்படை அமைப்பில் அது இல்லை. பீட்ரூட்டின் கிழங்கு, கோழிக்கொண்டைப்பூ, சப்பாத்திக்கள்ளியின் பழம் ஆகியவற்றின் சிவப்பும் பீட்டாலைனே. பூக்கும் தாவரங்களில் இது கேரியோபில்லேல்ஸ் என்ற ஒரே துறைக்கு, அதாவது பல குடும்பங்கள் அடங்கிய ஒரு தொகுதிக்கு மட்டும் உரியது. அத்துறைக்குள்ளும் கார்னேஷன் மலரின் குடும்பம் ஆந்தோசயனினையே உண்டாக்குகிறது. இயற்கையில் ஒரே தாவரத்தில் இவ்விரண்டும் சேர்ந்திருந்ததாக இதுவரை அறியப்படவில்லை.