ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மனித உரிமை அந்த நாட்டின் சட்டமாகிவிடுமா? இனி அதன் கதி என்ன?

பல நாடுகளில் ஆகாது. ஏன் என்பதற்கு இலங்கையில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

நல்லரத்தினம் சிங்கராசா என்ற தமிழர் 1993-இல் கைதானார். அவருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியம் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் பதிவாகியிருந்தது. அவருக்கு அந்த மொழி படிக்கத் தெரியாது, கைநாட்டுதான் வைத்திருந்தார். சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உயர் போலீஸ் அதிகாரி முன் கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். தண்டனை 50 ஆண்டு, மேல்முறையீட்டில் 35 ஆனது.

சிவில், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இலங்கை 1997-இலேயே சேர்ந்திருந்தது. உள்நாட்டில் நீதி கிடைக்காதவர் நேரே ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம் என்பது அதன் சாரம். சிங்கராசா முறையிட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, விடுதலையோ மறுவிசாரணையோ தர வேண்டும் என்று 2004-இல் குழு சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்குப் போனார். 2006-இல் வந்த தீர்ப்பு அவரை மட்டுமல்ல, நெறிமுறையையே தள்ளிவிட்டது. சட்டம் இயற்றாமல் ஜனாதிபதி போட்ட கையெழுத்து வெளி அமைப்பு ஒன்றுக்கு நீதி அதிகாரத்தைத் தந்துவிட முடியாது, ஆகவே அதில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு விரோதம் என்றது நீதிமன்றம்.

மறு ஆண்டே அந்த உடன்படிக்கையின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. உடன்படிக்கையில் உள்ள உரிமைகளில் சிலதான் அதில் இடம்பெற்றன. வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் பிரிவு மட்டும் பல்லோடு வந்தது. 2019-இல் அதே பிரிவில் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். மனித உரிமைச் சட்டத்தின் பெயரால் கதை எழுதியவருக்குச் சிறை!

இதனால்தான் உரிமைப் பட்டியலைக் காட்டினால் எனக்குப் பெரிதாக மயக்கம் வருவதில்லை. மீறினால் யாரிடம் போகலாம், போனால் அவரால் என்ன செய்ய முடியும், எந்தச் சூழலில் அந்தக் கதவை மூடலாம் என்று சொல்லும் பிரிவுகளைத்தான் முதலில் தேடுவேன்.

வரலாற்றையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். 1689 இங்கிலாந்து, 1789 பிரான்ஸ், 1791 அமெரிக்கா என்று உரிமைச் சாசனங்கள் பிறந்ததாகப் பாடப்புத்தகத்தில் வரும் ஆண்டுகள் எல்லோருக்கும் தெரியும். 1948 டிசம்பர் 10-இல் ஐ.நா.வின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்துக்கு 48 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஆனால் பிரகடனம் சட்டமல்ல. சட்டமாகக் கட்டுப்படுத்தும் இரு உடன்படிக்கைகள் 1966-இல் நிறைவேறி, 1976-இல்தான் நடைமுறைக்கு வந்தன.

ஜெர்மனியின் 1919 அரசியலமைப்பில் உரிமைகள் ஏராளம். அதே சாசனத்தின் 48-ஆவது பிரிவு, அவசரம் என்றால் அவற்றை ஜனாதிபதி நிறுத்தி வைக்கலாம் என்றது. 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள் ஒரே ஆணையில் பேச்சுரிமை, கூடும் உரிமை, தனிமனிதச் சுதந்திரம் எல்லாம் போயின. 1949-இல் புதுச் சாசனம் எழுதியவர்கள் சூடு பட்டவர்கள். மனித மாண்பை முதல் பிரிவில் வைத்தார்கள், அடிப்படை உரிமைகள் நாடாளுமன்றத்தையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் என்றார்கள், அந்த முதல் பிரிவின் கொள்கையைத் திருத்தத்தாலும் தொட முடியாதபடி பூட்டினார்கள்.

இந்தியாவுக்கு அந்தச் சூடு 1976-இல் பட்டது. பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுவே நெருக்கடி நிலையில் போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் அரசு வாதிட்டது. சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் யாரையாவது கொன்றால்கூட நிவாரணம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்பதுதான் அரசு வழக்கறிஞரின் பதில். நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் போனார்கள், கன்னா மட்டும் மறுத்தார். மூப்புப்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி மறு ஆண்டு இளையவருக்குப் போனது. 1978-இல் கொண்டுவந்த 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்த முடியாது. அந்தத் தீர்ப்பே தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆகிவிட்டது.

இனி என்ன ஆகும்? யாரும் உரிமைப் பட்டியலைக் கிழித்துப் போடப் போவதில்லை, அது அசிங்கமாகத் தெரியும். கதவைத்தான் சுருக்குவார்கள். அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் சட்டவிரோதம், அங்கே அவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ருவாண்டா பாதுகாப்பான நாடு என்றே நீதிமன்றங்கள் கொள்ள வேண்டும் என்றது. மனித உரிமைச் சட்டத்தின் சில பிரிவுகளை இந்த விஷயத்துக்கு மட்டும் ஒதுக்கியும் வைத்தது. ஆட்சி மாறியதால் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் வழி என்னவோ எல்லா நாட்டு அரசுகளுக்கும் தெரிந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் நகர்வு இருக்கிறது. நெதர்லாந்தில் ஒரு விசித்திரம்: நாடாளுமன்றச் சட்டம் அரசியலமைப்புக்கு ஒத்துப்போகிறதா என்று நீதிமன்றம் பார்க்கக் கூடாது, சர்வதேச ஒப்பந்தத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். அதனால் அங்கே சொந்தச் சாசனத்தைவிட ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்துக்குத்தான் நீதிமன்றத்தில் மவுசு. 2020-இல் ஹேக் நீதிமன்றம், நலத்திட்ட மோசடி செய்யக்கூடியவர்களைக் கணினிக் கணக்கீட்டால் அடையாளம் காணும் சிரி என்ற அரசு அமைப்பு தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்று அதைத் தடுத்தது. தன் பெயர் சந்தேகப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்று தெரியாத ஆள் எப்படி வழக்குப் போடுவார்? அந்த வழக்கை முன்னெடுத்தவை பொதுநல அமைப்புகள்தான்.

என் கணிப்பில் அடுத்த பெரிய சண்டை இந்த இடத்தில்தான், அதாவது யார் வழக்குத் தொடரலாம் என்பதில். காலநிலை விஷயத்தில் இது தொடங்கிவிட்டது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சுவிட்சர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, மூத்த பெண்களின் சங்கம் வழக்காடலாம் என்றது, தனித்தனியாக மனுப் போட்ட நான்கு பெண்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்றது. இரண்டே மாதத்தில் சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும், இதற்காக மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையில்லை என்று அறிக்கை நிறைவேற்றின. அந்த அறிக்கைக்குச் சட்ட வலு கிடையாது. அரசு எந்தத் திசையில் சாயும் என்பதற்கு அது நல்ல அடையாளம், அவ்வளவுதான்.