கார் கீறலுக்கு எந்தப் பாலிஷ்? கையால் தேய்த்தால் போதுமா, மெஷின் வேண்டுமா?

உங்கள் கார் கதவில் வெயிலில் மட்டும் தெரியும் மெல்லிய வட்டக் கீறல்கள், அதோடு நீளமாக ஒரு கோடு. இரண்டுக்கும் ஒரே பாலிஷ் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

இப்போதைய கார்களில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் இருக்கும். எல்லாம் சேர்த்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் கீறலை நிரப்புவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறது. தேய்த்தது திரும்பி வராது. அதனால் எது வேகமாக வெட்டும் என்று தேடாமல், எவ்வளவு மென்மையான பாலிஷில் வேலை முடியும் என்று தேடுங்கள்.

முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். கோட்டின் நிறம் உங்கள் கார் நிறமாக இல்லாமல் மேலே ஒட்டியது போல இருந்தால், அது உரசிய வண்டியின் பெயின்ட்டாக இருக்கலாம். கிளே பாரிலோ (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) துளி பாலிஷிலோ போய்விடும். அப்படி இல்லை என்றால் கோட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் கீறல் கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. பாலிஷுக்கு மசியும். அப்புறம் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கினால் முழுதாகப் போக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் கீறல் நிறத்தையும் தாண்டிவிட்டது. அங்கே எவ்வளவு தேய்த்தாலும் நடப்பது சேதம்தான்.

கடையில் காம்பவுண்டு, பாலிஷ், வாக்ஸ் மூன்றையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். காம்பவுண்டு நன்றாக வெட்டும், ஆனால் லேசான மங்கலை விட்டுப் போகும். பாலிஷ் அந்த மங்கலை எடுத்துப் பளபளப்பைக் கொண்டுவரும். வாக்ஸ் பாதுகாப்புப் பூச்சு மட்டுமே, கீறலைப் போக்காது. சில பாட்டில்களில் வெட்டும் துகளோடு எண்ணெய்யும் இருக்கும். அது கீறலை நிரப்பி மறைக்கும், சில முறை கழுவியதும் பழைய கோலம் திரும்ப வந்து நிற்கும். நிஜமாகவே கீறல் போயிற்றா என்று தெரிய, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய் போனபின் தெரிவதுதான் உண்மை.

பிராண்டைவிட, பாலிஷை வைத்துத் தேய்க்கும் பேட் முக்கியம் என்பது என் கட்சி. அதே பாலிஷ் மென்மையான ஸ்பாஞ்ச் பேடில் ஒரு மாதிரியும், கடினமான ஸ்பாஞ்சிலோ மைக்ரோஃபைபர் பேடிலோ வேறு மாதிரியும் வெட்டும். கம்பளிப் பேட் இன்னும் வேகம். பேடின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரு கம்பெனியின் மென்மையான நிறம் இன்னொன்றில் கடினமானதாக இருக்கும். நான் எப்போதும் நடுத்தரப் பாலிஷ், மென்மையான பேடில்தான் தொடங்குவேன். போகவில்லை என்றால் பேடை மாற்றுவேன், அதற்குப் பிறகுதான் காம்பவுண்டு. சில கார்களின் கிளியர் கோட் கல் மாதிரி, சிலவற்றில் துணி பட்டாலே கோடு விழும். அதனால் அடுத்தவர் காரில் வேலை செய்த சேர்க்கை உங்கள் காரில் செய்யும் என்று நம்பி முழுக் கதவிலும் இறங்க வேண்டாம். இரண்டு கை அகலத்துக்கு ஓர் இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

கையா மெஷினா? கைப்பிடிக் குழியில் நகம் பட்ட கீறல், ஒற்றைக் கோடு, இவற்றுக்குக் கை போதும், பொறுமை இருந்தால். ஒரு கதவு முழுக்க வட்டக் கீறல் என்றால் கையால் சீராகத் தேய்க்க முடியாது, மெஷின்தான். அதிலும் டிஏ எனப்படும் டூயல் ஆக்ஷன் மெஷினை எடுங்கள். அது சுழன்றுகொண்டே அசைவதால் ஒரே இடத்தில் சூடு குவிவது குறைவு. அசையாமல் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், கை பழகாதவரிடம் விளிம்பில் பெயின்ட்டை எரித்துவிடும், கறுப்புக் காரில் ஹோலோகிராம் மாதிரி வரி வரியாக அடையாளம் விடும்.

வேலை நிழலில், தகடு ஆறியபின். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் எளிதில் தேய்ந்துபோகும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பேடில் நாலைந்து சிறு துளி போதும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, வேகத்தைக் கூட்டி, மெஷினை மிக மெதுவாக, ஒரு வரிசை முந்தின வரிசையில் பாதியை மூடும்படி நகர்த்துங்கள். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைச் சுத்தம் செய்யுங்கள், தேய்ந்த பெயின்ட் அதிலேயே தங்கிப் புதுக் கீறல் போடும். பேட் தரையில் விழுந்தால் கழுவாமல் மறுபடி தொடாதீர்கள்.

அந்த நீளக் கோட்டில் நகம் சிக்கினால், பாலிஷ் அதன் கூர்மையான ஓரங்களை மழுக்கும். வெளிச்சம் அங்கே பளிச்சென்று உடையாததால் நாலடி தள்ளி நின்றால் தெரியாது. எனக்கு அது போதும். 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து முழுதாக எடுக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கையில் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி அளக்கவும் அளக்காது.

கோட்டில் தகடு தெரிந்தால் டச்-அப் பெயின்ட் போடுங்கள், சும்மா விட்டால் துரு பிடிக்கும். உங்கள் கார் நிறத்தின் குறியீடு (கலர் கோட்) பெரும்பாலும் கதவுச் சட்டத்திலோ பானட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். மெல்லிய நுனியால் கீறலுக்குள் மட்டும், காயவிட்டுக் காயவிட்டு வையுங்கள். கிட்டப் போனால் தெரியத்தான் செய்யும்.

பற்பசை? அதுவும் உராய்வுப் பொருள்தான், ஆனால் பெயின்ட்டுக்காகச் செய்ததல்ல. அந்தக் காசுக்கு ஒரு சின்னப் பாலிஷ் பாட்டில் வாங்கிவிடலாம்.

இன்னொன்று, உங்கள் கார் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் தனியாகத் தெரியும், அதைத் திரும்ப மேட் ஆக்க அந்தப் பாகத்தையே மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டிவரும்.