துப்பாக்கி யார் கையில? வாசகர் கேள்வியும் நம்ம பதிலும்

செல்லூர்ல இருந்து ஒரு வாசகர்: அண்ணே, போன தடவ 'அந்த நாள்' படத்தப் பத்தி எழுதயில நடுவுல "இது அப்டியே டல்லாஸ் டீம் கதைதான்"னு ஒத்த வரிய போட்டுட்டு கெளம்பிட்டீங்க. ரெண்டு தடவ படிச்சுட்டேன், பிடிபடல. சிவாஜிக்கும் பேஸ்கட்பாலுக்கும் என்னண்ணே சம்மந்தம்?

கேட்டதுக்கு நன்றி தம்பி, ஏன்னா அந்த வரிக்கு மட்டும் ஏழெட்டு பேரு திட்டி எழுதிருக்காய்ங்க. படம் பாக்காதவங்களுக்கு மொதல்ல சொல்லிர்றேன். 1954ல ஏவிஎம் எடுத்தது, டைரக்ஷன் வீணை எஸ். பாலசந்தர். பாட்டு கெடையாது, டான்ஸ் கெடையாது, சண்ட கெடையாது. படம் ஆரம்பிச்ச கையோட துப்பாக்கி சத்தம், ஹீரோ சிவாஜி செத்து விழுந்துர்றாரு, அதுக்கப்பறம் சிஐடியா வர்ற ஜாவர் சீதாராமன் (திரைக்கதை வசனமும் அவருதான்) ஒவ்வொருத்தரா உக்கார வச்சு விசாரிக்கிறாரு. பக்கத்து வீட்டுக்காரரு, சிவாஜியோட தம்பியக் கைகாட்டுறாரு. தம்பி, கட்டுன பொண்டாட்டியவே கைகாட்டுறான். அவ, சிவாஜி வச்சிருந்த பொம்பளயக் கைகாட்டுறா. அந்தம்மா சுத்திவந்து அந்த பக்கத்து வீட்டுக்காரரையே கைகாட்டுது. கடைசில பாத்தா சுட்டது யாரு, அழுதுக்கிட்டு மூலையில உக்காந்திருந்த பண்டரிபாய், சிவாஜி பொண்டாட்டி. (முடிவ சொல்லிட்டேன்னு லெட்டர் போடாதீங்கப்பா, படம் வந்து எழுவது வருஷம் ஆச்சு.)

இப்ப டல்லாஸுக்கு வாரேன், அதாவது அமெரிக்காவோட என்பிஏ பேஸ்கட்பால் லீக்குல ஆடுற டல்லாஸ் மாவரிக்ஸ் டீமு. பிப்ரவரி 2, 2025, ஞாயித்துக்கெழம, மணி பதினொன்னு ஆகல. நான் கறிக்கடையில நிக்கிறேன், எனக்கு முன்னாடி நாலு பேரு, முக்காக் கிலோ நெஞ்செலும்பும் ஈரல் தனியாவும் சொல்லி வச்சிருக்கேன், சட்டப்பையில போனு விடாம உதறுது. எடுத்துப் பாத்தா அக்கா மகன். "மாமா அந்த ரிப்போர்ட்டரோட அக்கவுண்ட எவனோ ஹேக் பண்ணிட்டாய்ங்க, லூகா டான்சிச்ச லேக்கர்ஸுக்கு குடுத்தாச்சாம், சிரிப்பா இருக்கு." ஷாம்ஸ் சரானியா போட்ட செய்தி அது, டல்லாஸோட பெரிய ஸ்டாரு லூகாவ லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமுக்கு மாத்திவிட்டாய்ங்கன்னு. அமெரிக்காவுலயே பாதிப் பேரு ஹேக்குன்னுதான் நெனச்சாய்ங்க, "ஆமா, இது நெசம்தான்"னு அந்தாளே திரும்ப ஒரு தடவ போட வேண்டியதாப் போச்சு. நான் அப்டியே வாயப் பொளந்து நின்னது பாத்துட்டு கடைக்காரரு கத்திய நிப்பாட்டிட்டு கேக்குறாரு, "என்னண்ணே, யாரும் தவறிட்டாங்களா?" எனக்கு அந்த செகண்டுதான் அந்தப் படம் ஞாபகம் வந்துச்சு. தவறல, சுட்டுட்டாய்ங்க.

லூகாவுக்கு அப்ப வயசு 25. அஞ்சு வருஷம் தொடர்ந்து லீக்கோட மொத அஞ்சு பேருல ஒருத்தன். அதுக்கு முந்துன சீசன்ல மேட்சுக்கு 33.9 பாயிண்ட், லீக்குலயே அதிகம், டீம ஃபைனல் வரைக்கும் தூக்கிட்டுப் போனவன் (பாஸ்டன்கிட்ட 4-1ன்னு தோத்தது வேற விஷயம்). கிறிஸ்துமஸ் அன்னைக்கு கெண்டக்கால்ல அடிபட்டு உக்காந்திருந்த பையன, அவனுக்கே தெரியாம, ராத்திரியோட ராத்திரியா வித்துட்டாய்ங்க. பதிலுக்கு வந்தது 31 வயசு ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டின்னு ஒரு பையன், அப்பறம் ஒரே ஒரு மொத ரவுண்டு டிராஃப்ட் சான்ஸ் (புதுப் பசங்கள டீமுக வரிசையா எடுக்குறதுதான் டிராஃப்ட்), அதுவும் 2029ல. இதுக்கு ஏழு மாசம் முன்னாடி நியூயார்க் டீமு மிக்கல் பிரிட்ஜஸ்ங்கிற ஆளுக்கு அஞ்சு மொத ரவுண்டு குடுத்துருக்கு, அவரு அதுவரைக்கும் லீக்கோட டாப் ஆளுக ஆடுற ஆல்ஸ்டார் மேட்சுக்கு ஒரு தடவகூட போனதில்ல. அலங்காநல்லூர் வாடிவாசல்ல நின்னு வெளையாடுற காளைய, தீனி ஜாஸ்தி திங்குதுன்னு பக்கத்து ஊருக்கு பத்திவிட்டுட்டு வந்த கத இது.

படம் எங்க பொருந்துதுன்னா, விசாரணை. ரசிகர்கள், டிவி, யூட்யூப், எல்லாரும் ஜாவர் சீதாராமன் ஆயிட்டாய்ங்க. ஒருத்தன் புது ஓனர்தான்னான். 2023 டிசம்பர்ல மார்க் கியூபன் டீமோட பெரும்பங்க வித்திருந்தாரு, வாங்குன குடும்பம் லாஸ் வேகஸ் சாண்ட்ஸ்ங்கிற கேசினோ கம்பெனிக்காரங்க, டீமையே லாஸ் வேகஸுக்கு தூக்கிட்டுப் போகத்தான் இந்த வேலன்னு ஒரு கத. இன்னொருத்தன், வித்துட்டுப் போன கியூபன்தான் மூலகாரணம்னான். வேற ஒருத்தன், லேக்கர்ஸ் ஜெனரல் மேனேஜர் ராப் பெலிங்காவும் டல்லாஸ் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனும் பழைய லேக்கர்ஸ் ஸ்டாரு கோபி பிரயண்ட் காலத்துலருந்து பழக்கம், காபி குடிச்சுக்கிட்டே பேசி முடிச்சுட்டாய்ங்கன்னான். லூகா உடம்ப ஒழுங்கா வச்சுக்கல, அவனே தேடிக்கிட்டதுன்னும் ஒரு கோஷ்டி. ஆளாளுக்கு ஒரு ஃபிளாஷ்பேக்.

ஆனா பாருங்க, படத்துல கடைசி ரீல் வரைக்கும் மறைஞ்சிருந்த ஆளு இங்க மொத நாளே பிரஸ் முன்னாடி வந்து உக்காந்துட்டாரு. ஹாரிசன் சொன்னாரு, நாந்தான் பண்ணேன், டிஃபென்ஸ் இருந்தாத்தான் கப்பு வரும்னு நான் நம்புறேன், அவ்ளோதான்னு. கையில துப்பாக்கியோட நிக்கிறாரு மனுஷன், நம்ம ஆளுகதான் நம்பாம, இல்ல இல்ல பின்னாடி வேற எவனோ இருக்கான்னு தேடிக்கிட்டே இருந்தாய்ங்க. இவ்ளோ பெரிய கொலைக்கு இவ்ளோ சின்னக் காரணமான்னு மனசு ஒத்துக்கல, எனக்கும்தான்.

சிம்மக்கல்ல இருந்து: ஜெனரல் மேனேஜர்னா கோச்சா அண்ணே?

இல்லப்பா. கோச்சு ஆட வைக்கிறவரு. ஜெனரல் மேனேஜரு ஆள் எடுக்குறது, விக்கிறது, சம்பளக் கணக்கு பாக்குறது. பொண்ணு பாத்து முடிச்சு வைக்கிற பெரியப்பான்னு வச்சுக்கங்களேன், குடும்பம் நடத்துறது கோச்சு.

திருமங்கலத்துல இருந்து ரிட்டயர்டு வாத்தியார்: தம்பி, நான் 'அந்த நாள'ச் சின்னப் பிள்ளையில கொட்டகையில பாத்தவன். அந்தப் படத்துல சுட்டவ பக்கம் ஒரு நியாயம் இருந்துச்சே. உங்க ஹாரிசன் பக்கமும் இருக்கத்தானே செய்யும்? ஒரே அடியா குத்தம் சொல்றது சரியா?

ஐயா, வணக்கம். நீங்க கேட்டதுதான் சரியான எடம், நானும் அங்கதான் ரொம்ப நாளா மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

படத்துல ராஜன் (சிவாஜி) கெட்டிக்கார ரேடியோ இன்ஜினியரு. கண்டுபிடிச்சத இங்க ஒருத்தரும் மதிக்கலன்னு வெறுத்துப்போயி ஜப்பான்காரனுக்கு உளவு சொல்ற அளவுக்குப் போயிர்றாரு, 1943ல மெட்ராஸ்ல குண்டு விழுந்த சமயத்துல நடக்குற கத. பொண்டாட்டி உஷா (பண்டரிபாய்) தேசபக்தி உள்ளவ. நாடா புருஷனான்னு வந்து நிக்கிது அவளுக்கு. அந்தக் கொலையில அவளும் சேந்துதான் சாகுறா, பண்டரிபாய் மொகத்த பாத்தாலே தெரியும்ல.

ஹாரிசன் பக்க நியாயத்தையும் சொல்லிர்றேன். லூகா டிஃபென்ஸ்ல சுமாருதான், உண்ம. எடையக் கட்டுக்குள்ள வைக்கலன்னு பேச்சு இருந்துச்சு, அதுவும் புதுசில்ல. அந்த வருஷம் கோடையில அவனுக்கு அஞ்சு வருஷத்துக்கு சுமார் 34 கோடி டாலர் காண்ட்ராக்ட் குடுக்க வேண்டி வந்திருக்கும், நாளைக்கு கால் போயிருச்சுன்னா அந்தப் பணத்த தூக்கிக்கிட்டு டீம் எங்க போறது. டேவிஸ் ஆரோக்கியமா இருந்தா கூடை வளையத்துப் பக்கத்துல ஒரு பய வரமுடியாது. இப்டி பேப்பர்ல எழுதிப் பாத்தா ஒரு மாதிரி நியாயமாத்தான் தெரியும்.

ஆனா ஐயா, விக்கிறதுன்னு முடிவு பண்ணவன் சந்தையில நாலு பேருகிட்ட வெல கேக்க மாட்டானா? நம்ம ஊர்ல ஆட்டுக்குட்டி விக்கிறவன்கூட துண்டுக்கடியில கைய விட்டு மூணு பேருகிட்ட வெரலப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பான். இவரு ஒரே ஆளுகிட்ட, ரகசியமா, அவன் சொன்ன வெலைக்கு. உஷாவுக்கு நாடு போகுதேங்கிற பதட்டம், இவருக்கு என்ன அவசரம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. அப்பறம் உஷா தன் வீட்டத்தான் எரிச்சா. இவரு எரிச்சது ஊரான் வீடு, அரங்கத்துல காசு குடுத்து உக்காந்திருந்த இருபதாயிரம் பேரு வீடு. அதுனாலதான் அங்க மேட்சுக்கு மேட்ச் "ஃபயர் நிகோ"ன்னு கத்துனாய்ங்க, எதிர் டீம் ஃப்ரீ த்ரோ போடும்போதுகூட.

நடந்ததும் அப்டித்தான். பிப்ரவரி 8, டேவிஸ் மொத மேட்ச், 26 பாயிண்ட், 16 ரீபவுண்டு, ஆஹா பரவால்லயேன்னு நிமிர்ந்து உக்காந்தா மூணாவது குவார்ட்டர்ல தொடைகிட்ட பிடிச்சுக்கிட்டு வெளிய போனாரு, ஆறு வாரம் ஆளக் காணோம். மார்ச் 3, டல்லாஸோட இன்னொரு ஸ்டாரு கைரி இர்விங்குக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சு. ஒரு கட்டத்துல ஆட்டத்துக்கு எட்டு பேரு தேத்துறதே பெரும்பாடாப் போச்சு. 39 ஜெயிச்சு 43 தோத்து, ப்ளே-இன்ல (ப்ளே-ஆஃப் போறதுக்கான கடைசி வாய்ப்பு மேட்சு) மெம்ஃபிஸ்கிட்ட அடி வாங்கி முடிஞ்சது சீசன்.

நடுவுல ஏப்ரல் 9. லூகா லேக்கர்ஸ் சட்டையில டல்லாஸுக்கு வாரான். நமக்கு அது மறுநாள் விடிகாலம் அஞ்சு மணி, தெருவுல பால்காரன் சைக்கிள் மணி சத்தம் மட்டும். பழைய வீடியோவ பெரிய ஸ்க்ரீன்ல ஓட்டுறாய்ங்க, பெஞ்சுல உக்காந்து துண்டால மூஞ்சத் தொடைக்கிறான், நிக்கல, திரும்பத் தொடைக்கிறான். அப்பறம் எந்திரிச்சுப் போயி 45 பாயிண்ட். 'அந்த நாள்'லயும் செத்த மனுஷன் ஒவ்வொரு ஃபிளாஷ்பேக்குலயும் உசுரோட நடமாடிக்கிட்டேதான் இருப்பாரு, ஆனா இப்டி சுட்டவங்க கூடையிலயே 45 போட மாட்டாரு.

உசிலம்பட்டில இருந்து, காலேஜ் டீம்ல ஆடுற ஒரு தங்கச்சி: அண்ணே, லாட்டரில டல்லாஸுக்கு மொத எடம் கெடச்சது செட்டிங்தானே? எங்க கோர்ட்ல இதான் தினம் சண்ட.

சண்ட போடுங்க, ஆனா கணக்கோட போடுங்கம்மா. டிராஃப்ட்ல யாரு மொதல்ல ஆள் எடுக்குறதுன்னு, ப்ளே-ஆஃப் போகாத 14 டீமுக்கு நடத்துற குலுக்கல்தான் இந்த லாட்டரி. மிசின்ல 1லருந்து 14 வரைக்கும் நம்பர் போட்ட பந்து, நம்ம கேரம் காயின் கணக்கா கலகலன்னு உருளும், அதுல நாலு எடுப்பாய்ங்க. நாலு நம்பரு சேர்ற விதம் மொத்தம் 1001, ஒண்ணத் தள்ளிட்டு ஆயிரத்தையும் டீமுகளுக்குப் பிரிச்சு விட்டுர்றாய்ங்க. ரொம்ப மோசமா ஆடுன மூணு டீமுக்கும் ஆளுக்கு 140, டல்லாஸுக்கு வெறும் 18. அதான் 1.8 சதவீதம். அந்தப் பதினெட்டுல ஒண்ணு விழுந்துச்சு, கூப்பர் ஃபிளாக் வந்தான், பதினெட்டு வயசுப் பையன்.

எனக்கும் கேட்டவொடனே சந்தேகம்தான் வந்துச்சு, மறைக்கல. லேக்கர்ஸுக்கு லூகாவ தாரவாத்ததுக்குக் கூலின்னு அக்கா மகன் அன்னைக்கு கத்துன கத்துல அடுத்த வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்துச்சு. ஆனா டீம் ஆளுக, ஆடிட்டரு, பத்திரிகைக்காரவுக எல்லாரும் ரூமுக்குள்ள உக்காந்திருக்க, போனெல்லாம் வாங்கி வச்சுட்டு நடத்துறது அது. அம்பத்தஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா விழுற சீட்டு இந்த வருஷம் விழுந்துச்சு, அவ்ளோதான். சினிமால இப்டி ஒரு திருப்பம் வச்சா ஜாவர் சீதாராமனே கிழிச்சுப் போட்டுருப்பாரு.

கோரிப்பாளையத்துல இருந்து: டல்லாஸ் டல்லாஸ்னு எழுதி நெரப்பிட்டீங்க. கப்பு அடிச்சது யாருன்னாவது சொல்லுங்க.

ஓக்லஹோமா சிட்டி தண்டர். 68 ஜெயிச்சு, ஃபைனல்ல இந்தியானாவ 4-3. ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் அந்த வருஷம் எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் பட்டம்), அதிக ஸ்கோரு, ஃபைனல் எம்விபி மூணையும் வாரிட்டான். அவங்க மேனேஜரு சாம் பிரெஸ்டி 2019ல பால் ஜார்ஜ கிளிப்பர்ஸுக்கு குடுத்தப்ப ஷாயையும் வாங்கி, அஞ்சு மொத ரவுண்டையும் வாங்கி வச்சாரு, அதுல ஒண்ணுலதான் ஜேலன் வில்லியம்ஸ் வந்தான். ஆறு வருஷம் காத்திருந்தாரு. ஹாரிசனும் ஸ்டார வித்தாரு, இவரும் ஸ்டார வித்தாரு, வித்தத சொல்லல நான், வெலயச் சொல்றேன்.

ஏழாவது மேட்ச்ல மொத குவார்ட்டர்லயே இந்தியானாவோட ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநாரு அறுந்து விழுந்தான், கையால தரையப் போட்டு அடிச்சு அடிச்சு அழுதான். மொத மேட்ச்ச 0.3 செகண்டு இருக்கயில ஜெயிச்சுக் குடுத்த பையன். அதப் பாத்துட்டு அன்னைக்கு இட்லி எறங்கல. அதுக்கு எந்தப் படத்தையும் இழுக்க மனசில்ல.

ஆரப்பாளையத்துல இருந்து: ஃபிளாக் வந்துட்டான்ல, ஹாரிசன மன்னிச்சிரலாமா?

மன்னிக்க நீங்க நானு யாரு. 2025 நவம்பர் 11 அன்னைக்கு டல்லாஸே அவர வீட்டுக்கு அனுப்பிருச்சு.

எங்க வீட்டுல மட்டும் ஒரு கேஸு பாக்கி. அக்கா மகன் விளக்குத்தூண்ல நூத்தியெம்பது ரூவாய்க்கு பேரம் பேசி வாங்குன டல்லாஸ் பனியன், நீலக் கலரு, முதுகுல 77. லூகா லேக்கர்ஸ்லயும் 77தான் போடுறான், நம்பர் மாறல, கலருதான். மஞ்ச சாயம் ஏத்தித் தர முடியுமான்னு சாயப்பட்டறையில கேக்கச் சொல்லி ஒரு வாரமா எம்பின்னாடியே சுத்துறான். நீலத்து மேல மஞ்ச ஏறாதுடா, பச்சையாப் போயிரும்னு சொல்லிட்டேன். யோசிச்சுட்டு கேக்குறான், "பச்சை பாஸ்டன்தான மாமா?"