மாடியில் யார் இருக்கிறார்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சித்திரையில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தை மாதம் குடும்பத்தோடு சென்னைக்குப் போகிறோம். சேலை, ரவிக்கைத் துணி, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடலாம் என்கிறார் அண்ணி. எல்லோரும் தி. நகர் என்கிறார்கள். எனக்கோ பழைய கடைத்தெருக்களைச் சுற்றிப் பார்க்க ஆசை. சௌகார்பேட்டை, மின்ட் தெரு, கோடவுன் தெரு என்று காணொளிகளில் பார்த்துப் பார்த்து மயங்கிப்போயிருக்கிறேன். ஒரே நாளில் எந்தெந்தத் தெருக்களைப் பார்க்கலாம்? எப்படிப் பேரம் பேசுவது? நம் பேச்சைக் கேட்டதும் மலேசியாக்காரர் என்று கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடுவார்களாமே?

மனதில் பட்டதைச் சொல்கிறேன். பினாங்குக் கடைத்தெருவும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸும் எனக்கு அலுத்துவிட்டன. தோரணமும் விளக்கும் இருக்கின்றன, உயிர் இல்லை. நம்மவர்களுக்கு வியாபாரம் செய்யத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

அன்புடன்,
வ., கிள்ளான்

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிப் பத்தியை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் தனியாக நாலு வரியில் பதில் அனுப்பியிருப்பேன். பினாங்குக் கடைத்தெருவுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி சில மாதங்களாகவே என்னை விடாமல் பிடித்திருக்கிறது. லெபு பசாரில் நான் வழக்கமாக மளிகை வாங்கும் கடையின் மேல்மாடி ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். கீழே வியாபாரம் நடக்கிறது. மேலே குடியிருந்த குடும்பம் தீவைவிட்டே போய்விட்டது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சுருக்கமாக முடிக்க வேண்டியதை முதலில் முடித்துவிடுகிறேன். தி. நகரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். விலையை ஏற்றுவார்களா என்றால், ஏற்றுகிறவர் உள்ளூர்க்காரருக்கும் ஏற்றுவார். ஒரே சரக்கை அடுத்தடுத்துப் பத்துக் கடைகளில் விற்கும் தெருவில், இரண்டாவது கடைக்குள் நுழைந்ததுமே விலை தெரிந்துவிடும். பேரத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நடைபாதையில் ஊக்கும் ரிப்பனும் விற்கும் பெண்ணிடம் பத்து ரூபாயைக் குறைத்துவிட்டு, அதைச் சாமர்த்தியம் என்று வீட்டுக்கு வந்து சொல்லாதீர்கள்.

தெருக்களைக் கேட்டீர்கள். உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். 2019 முதல் அந்தப் பக்கம் ரயில் ஓடுகிறது, வாடகைக் காரில் போய்ப் பாரிமுனை நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, துணிக்குக் கோடவுன் தெரு, நகைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை. முந்திரி, திராட்சை, ஏலக்காய் மொத்தமாக வேண்டுமானால் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம் முருகனைக் கும்பிடாமல் வந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நடந்து முடித்துவிடலாம். ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அங்கே எந்தத் தெருவில் நின்றாலும் தலையை நிமிர்த்தி மாடியைப் பாருங்கள். காணொளி எடுப்பவர்கள் கேமராவைக் கடை வாசலுக்கு நேரே பிடிக்கிறார்கள். அடுக்கிய சேலை, தொங்கும் பாசிமணி, எண்ணெயில் பொரியும் பண்டம் எல்லாம் அதில் வருகின்றன. அந்தக் கடைக்கு மேலே என்ன இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. தெருவுக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் அந்த மாடியைத்தான் காட்டுவேன்.

மின்ட் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சாயங்கால வேளையில், மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை இறங்கியதைப் பார்த்தேன். கீழே நின்ற தள்ளுவண்டிக்காரர் கூடையில் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டார். ஒரு கட்டுக் கொத்தமல்லியும் கால் கிலோ பச்சை மிளகாயும் போட்டார். மீதிச் சில்லறையை மிளகாய்க்கு அடியில் செருகிவிட்டுக் கயிற்றை இரண்டு முறை சுண்டினார். கூடை மேலே போயிற்று. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த அம்மாளின் முகம்கூட எனக்குத் தெரியவில்லை, வளையல் போட்ட கை மட்டும் தெரிந்தது. அந்தத் தள்ளுவண்டிக்காரர் அந்தக் கையை நம்பித்தான் தினமும் அங்கே வருகிறார்.

கோடவுன் தெருவுக்கு வெளியூர்க் கடைக்காரர்கள் வந்து சிப்பம் சிப்பமாகத் துணி எடுத்துப் போகிறார்கள். பணம் அவர்களிடமிருந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய வியாபாரத்தைச் சுற்றி ஐம்பது சின்ன வியாபாரம் இருந்தால்தான் அதைக் கடைத்தெரு என்று சொல்ல முடியும். பூக்கட்டுகிறவர், மோர் விற்கிறவர், இஸ்திரி போடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தருகிறவர். இவர்கள் யாரும் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வெளியூர்க்காரரை நம்பிப் பிழைக்க முடியாது. மேலே குடியிருக்கிற மார்வாடிக் குடும்பமும் தெலுங்குச் செட்டியார் குடும்பமும் கடைச் சிப்பந்திகளும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கீழே இறங்கி வருவதால்தான் பிழைக்கிறார்கள். மாடி காலியானால் முதலில் போவது பூக்காரர். அடுத்தது காய்கறி வண்டி. பிறகு சின்ன மளிகைக் கடை. கடைசியில் நடந்து வருகிறவர் திரும்பிப் பார்த்து வாங்கக்கூடிய பொருள் மட்டும் மிஞ்சுகிறது.

சந்தேகம் இருந்தால் கொத்தவால் சாவடியைப் பாருங்கள். சென்னைக்கே காய்கறி போய்க்கொண்டிருந்த இடம். 1996-ல் மொத்தச் சந்தையைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். லாரிகள் நுழைய இடமில்லாத சந்துகள் அவை, மாற்றியதில் நியாயம் இருந்தது. அவ்வளவு பெரிய சந்தை போன பின்பும் அந்தச் சந்துகள் ஓய்ந்துவிடவில்லை. சுற்றிலும் ஜனங்கள் குடியிருந்தார்கள், அவர்களுக்குத் தினமும் உலை வைக்க வேண்டியிருந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இரண்டு ஊருக்கும் பெயர் ஒன்று. நம் ஜார்ஜ் டவுன் 1786-ல் மூன்றாம் ஜார்ஜின் பெயரில் வந்தது. சென்னையில் நான் சொன்ன தெருக்கள் இருக்கும் பகுதி முன்பு கறுப்பர் நகரம், அது 1911-ல் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது. அங்கேயும் ஓர் ஆர்மீனியன் தெரு உண்டு, இங்கேயும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் கப்பல் ஓடியது. ரஜூலா என்ற கப்பல் சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தைத் தொட்டுப் பினாங்குக்கு வரும். 1973-ல் ரஜூலா ஓய்ந்தது, சிதம்பரம் என்ற கப்பல் வந்தது. 1985-ல் சிதம்பரத்தில் தீப்பிடித்து உயிர்கள் போயின, அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

என் தாய்மாமா இந்தக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சிப்பந்தியாக இருந்தார். கப்பலில் சரக்கு வந்து இறங்கும் நாட்களில் பள்ளி விட்டதும் நான் அங்கே ஓடிவிடுவேன். சிப்பத்தின் சாக்கை மாமா ஒருநாளும் கத்தியால் கிழித்ததில்லை. தையல் முடிச்சைத் தேடி அவிழ்த்து, சணலை உள்ளங்கையில் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கி மேசைக்கு அடியில் போட்டுக்கொள்வார், பொட்டலம் கட்ட உதவும் என்று. சாக்கு விலகியதும் கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசனை ஐந்தடி நடைபாதை வரை வரும். எதிர் மாடி ஜன்னலில் ஓர் அம்மாள் காத்திருப்பார். என்ன நிறம் வந்திருக்கிறது என்று அங்கிருந்தே கேட்பார். மாமா ஒரு சேலையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, முந்தானையை வெயிலில் விரித்துப் பிடிப்பார். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, அடுத்ததைக் காட்டு என்று கையசைப்பார். நாலாவதோ ஐந்தாவதோ பிடித்துப்போகும். மாலையில் பிள்ளையை அனுப்பி வாங்கிக்கொள்வார். பணம் சம்பள நாளில் வரும், நோட்டில் ஒரு கோடு விழும்.

மாமாவும் மற்றச் சிப்பந்திகளும் கடை மாடியிலேயே தங்கினார்கள், அங்கேயே சமையல். பினாங்குத் தெருக் கிட்டங்கியில், அதாவது தங்கித் தொழில் பார்க்கும் கூடத்தில், செட்டியார்கள் ஆளுக்கொரு பெட்டி வைத்து வட்டித் தொழில் பார்த்தார்கள். குயின் தெரு மாரியம்மன் கோவிலில் மாலைப் பூசை மணி அடித்தால், கூட்டம் தெருக் கோடியிலிருந்து வருவதில்லை, தலைக்கு மேலிருந்து இறங்கி வரும். அத்தனை பேரும் கீழே இருந்த இட்லிக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் தினப்படி வாடிக்கைக்காரர்கள். மலாய்க்காரர்கள் பெலிகாட் கைலிக்கு இங்கே வந்ததும், சீனர்கள் மசாலைக்கு வந்ததும் அதற்கு மேலே கிடைத்த வரும்படி.

1948-க்கு முன்பு கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அது 2000 ஜனவரி முதல் தேதியோடு நீங்கியது. வீட்டுக்காரர்களைத் திட்டிவிடுவது சுலபம். பழைய வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூட முடியாது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் தலைமுறையாக மாடியில் இருந்தவர்கள் ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாமல் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். காலியான மாடிகள் சிலவற்றில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டு, சூப்பு வைக்க வாங்கும் கூட்டை விற்பதற்காகக் குருவி வளர்த்தார்கள். மனிதர்கள் இருந்து சமைத்த அறைகள் அவை. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்தது. பிறகு குருவிகளை வெளியேற்றச் சொன்னார்கள். சரி, குருவிகள் போயின. அந்த இடத்துக்குக் குடும்பங்களா திரும்பி வந்தன? தங்கும் விடுதிகள் வந்தன. கட்டடத்துக்கு எந்தச் சாயம் அடிக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மாடியில் யார் குடியிருக்க வேண்டும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் இதே கதைதான். 2010-ல் இந்திய, மலேசியப் பிரதமர்கள் நின்று லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் குடியிருப்பு இன்று இல்லை.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். நம்மவர்களுக்கு வியாபாரம் செய்யத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கச் சொன்னீர்கள், இதை மட்டும் மன்னிக்க மாட்டேன். சம்பள நாள் வரை நோட்டில் எழுதிச் சரக்குக் கொடுத்தவர்களுக்கா வியாபாரம் தெரியாது? யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் இழவு என்று தெரிந்து, கேட்காமலே கடனைத் தள்ளிவைத்தவர்களுக்கா? நீங்கள் கடைசியாக எப்போது அந்தத் தெருவில் அரைக் கிலோ பருப்பு வாங்கினீர்கள்? தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு நடை, விளக்கு போட்டிருக்கும்போது ஒரு படம், அவ்வளவுதானே? மீதி மாதங்கள் முழுக்கப் பேரங்காடியில் வண்டி தள்ளிவிட்டு, கடைத்தெருவுக்கு உயிர் இல்லை என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்தக் கடைக்காரர் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். வருவதற்கு ஆள் இல்லை. அதை அவருடைய குறையாக எழுதிவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாண வேலைக்கு நடுவில் பழைய தெருவைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியவரிடம்தான் இதைச் சொல்ல முடியும். ஆசை இல்லாதவர்களிடம் பேசி என்ன பயன்? சென்னையிலும் இது தொடங்கிவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வசதி வந்த குடும்பங்கள் வேப்பேரிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் குடிபோகிறார்கள். வீடாக இருந்த மாடிகள் சரக்கறைகளாக மாறுகின்றன. ஜன்னலில் துணி காய்கிறதா, அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடங்கள். துணி காய்கிற சந்தில் ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே உட்கார்ந்து நிதானமாக வாங்குங்கள். அந்த வீட்டு ஆட்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு அங்கே சாப்பிடுங்கள்.

ரவிக்கைகளைச் சென்னையில் தைக்கக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்குத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள், கை இறுக்கமாக இருந்தால் கிள்ளானிலிருந்து திரும்பிப் போய்ப் பிரிக்கச் சொல்ல முடியாது. துணியை வெட்டாமல் கொண்டுவாருங்கள். உங்கள் ஊர் தெங்கு கிளானா சாலையில் தையல்காரர்கள் இருக்கிறார்கள். சித்திரைக் கல்யாணம் என்றால் மாசி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும், பங்குனியில் அவர்கள் கையில் வேலை குவிந்துவிடும். மணப்பெண்ணை நேரில் அழைத்துப் போய் அளவு கொடுங்கள், பழைய ரவிக்கையை அனுப்பிவைக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா
பினாங்கு